பெரிய வியாழன் தண்ணீர்

சந்தனமேரிக்கு வாய் நீளம். மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்த பெண்களில் முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பேசியவள் அவள் ஒருத்திதான். பேசிப் பேசி ஒன்றும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் ஒன்றும் சொத்து கேட்கவில்லை. நாளெல்லாம் பாத்தியில் உப்புநீரில் நின்று உப்பு வாரினால் குதிகால் பாளம் பாளமாக வெடித்துவிடும். சாயங்காலம் கரையேறியதும் கால் கழுவ ஒரு டிரம் நல்ல தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான்.

“உப்புலயே நிக்கிற காலுக்கு நல்ல தண்ணி எதுக்கு? இன்னொரு தபா கேட்டியானா வேலைக்கே வராத,” என்று சொல்லிவிட்டார் முதலாளி கஸ்பார்.

கஸ்பாரைப் பக்தியில்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, சேசுநாதர் சீடர்களுக்குச் செய்ததுபோல சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும்போது, முதல் நாற்காலியில் தலைமைச் சீடர் ராயப்பராக உட்காருவதும் வருஷா வருஷம் அவர்தான். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, பவுடரும் பூசிக்கொண்டு அந்தக் காலைக் கழுவக் கொடுப்பார்.

கழுவும் கூஜாவுக்குத் தண்ணீர் மொண்டு வைப்பது சந்தனமேரியின் பொறுப்பு. எழுபத்தாறாம் வருஷம் அவள் கிணற்றுப் பக்கமே போகவில்லை. உப்புப் பூக்கும் தறுவாயில் இருந்த பாத்தித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினாள். ஈஸ்டருக்கு வாங்கிய புதுச் செருப்பு கஸ்பாரின் குதிகால் இரண்டையும் கடித்துப் புண்ணாக்கியிருந்தது. அன்று காலை வரப்பில் அவர் நொண்டியதை அவள் பார்த்திருந்தாள்.

சகாயநாதன் சாமி முழங்காலிட்டுத் தண்ணீரை ஊற்றினார்.

“ஐயோ, எரியுது சாமி!” ராயப்பர் நாற்காலியோடு துள்ளினார்.

சாமி ஒன்றும் புரியாமல் காலைத் துடைத்து, வழக்கப்படி முத்தமிட்டார். உதட்டை நாவால் தொட்டுப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் நிமிர்ந்தார். சந்தனமேரி தவக்காலத்து ஊதாத் துணி போர்த்திய சுரூபத்தையே பரம பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு காலையும் நீட்டுங்க,” என்றார் சாமி.

“எப்பவும் ஒரு காலுதானே சாமி?”

“இந்த வருஷம் ரெண்டு.”

இரண்டாவது காலில் ஊற்றியதும் கஸ்பாருக்கு விளங்கிவிட்டது. “இது பாத்தித் தண்ணியாச்சே!”

“ஆமா மொதலாளி, நாங்க நாளெல்லாம் நிக்கிற தண்ணிதான். எங்களுக்கும் இப்படித்தான் எரியுது,” என்றாள் சந்தனமேரி. வேலை போச்சு என்றே நினைத்தாள்.

கஸ்பார் வாயைத் திறப்பதற்குள் சாமி பேசினார். “அவங்களுக்குக் கால் கழுவத் தண்ணி இல்ல கஸ்பாரு. வீட்டுலயே சோப்பு போட்டுக் கழுவின காலையே நான் திரும்பத் திரும்பக் கழுவிட்டிருந்தா, நாளைக்கு சேசுநாதர் என்னைத்தான் கேப்பாரு.”

ஈஸ்டர் முடிந்து வேலைக்குப் போனால், பாத்திக் கரையில் ஒரு டிரம் நல்ல தண்ணீர் நின்றது. கஸ்பார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சந்தனமேரியை நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் ஊரே சிரிக்கும்.

அடுத்த பெரிய வியாழனன்று அவர் காலை நீட்டும் முன் கூஜாவில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“நல்ல தண்ணிதான் மொதலாளி,” என்றாள் சந்தனமேரி, முன்வரிசையிலிருந்து. “உங்க டிரம்முல புடிச்சது.”