‘ஷ்யூர்’ என்று வந்த பதில்

காலை ஒன்பது மணி இருக்கும். கேஜில் தண்ணீர் அளவு பார்த்து நோட்டில் எழுதிவிட்டு மதகடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கடைமடையில் பயிர் வைத்திருக்கும் செல்வியிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, ஷட்டரத் தொறந்திட்டீங்களா?”

“ஆறு மணிக்கே தொறந்தாச்சும்மா. இந்நேரம் உங்க பக்கம் வந்திருக்கணுமே.”

“வந்திருச்சுண்ணே. வாய்க்கால்ல வரல. வயல்ல வருது.”

அவள் கத்தவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு ஷட்டரின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தேன். முழுவதும் இறங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மூடிய பிறகும் வாய்க்காலில் கிடக்கிற தண்ணீர் வடிகிற வரை போய்க்கொண்டுதான் இருக்கும். அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் லஸ்கராக இருந்தவன். பாசன வாய்க்காலின் தலைமதகில் ஷட்டரைத் தூக்குவது, இறக்குவது, தண்ணீரின் அளவு எழுதுவது, கரையைச் சுற்றிப் பார்ப்பது, இதுதான் லஸ்கர் வேலை. வலங்கைமான் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் என்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். அதற்குக் காரணம் ஓர் இங்கிலீஷ் வார்த்தை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முந்தின நாள் நடந்தது

மதகிலிருந்து ஆறு கிலோமீட்டர் கீழே வாய்க்கால் ஒரு வளைவு வளைந்து போகும். பத்து நாளைக்கு முன்னால் அந்த வளைவில் இடது கரை உடைந்திருந்தது. உடனே ஷட்டரை இறக்கிவிட்டோம். கரையை அடைக்கிற வேலையை ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுத்திருந்தார்கள்.

ஐப்பசி பிறந்தும் மழை பிடிக்கவில்லை. கடைமடையில் சம்பா நடவு முடிந்து வயல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. தினமும் நாலு பேர் மதகுக்கு வந்து, “எப்பண்ணே தொறப்பீங்க?” என்று நின்றார்கள்.

எங்கள் பிரிவு ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத பையன். மரியாதையாகப் பேசுவார், அதில் குறை சொல்ல மாட்டேன். போன் செய்தால் எடுக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்ப்பார். அதனால் குரல் பதிவாகவே அனுப்பினேன்.

“சார், கலியமூர்த்தி பேசறேன். வளைவுல ஒடப்ப அடச்சாச்சுங்களா? காலையில ஆறு மணிக்கு ஷட்டரத் தூக்கலாம்ங்களா? ஷ்யூருங்களா சார்?”

அரை மணி கழித்துப் பதில் வந்தது. இங்கிலீஷில் நாலே எழுத்து. ஷ்யூர்.

நீங்களே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆள் பற்றாக்குறையில் பக்கத்து மதகையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு அங்கே முறை வைத்துத் தண்ணீர் பிரித்துவிடும் நாள். காலையிலிருந்து அங்கேதான் நின்றேன். இதெல்லாம் நான் விசாரணையில் சொன்ன பதில். எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதவில்லை.

வளைவில் கண்டது

ஷட்டரை மூடியதும் வண்டியை எடுத்துக்கொண்டு கரைமேலே போனேன். வளைவில் நாலு சவுக்குக் கம்பு ஊன்றியிருந்தது. பக்கத்தில் காலிச் சாக்குகள் ஒரு கட்டு, கட்டுகூடப் பிரிக்கவில்லை. அவ்வளவுதான் வேலை நடந்திருந்தது. அந்தக் கம்புகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து, கரை மண்ணையும் வாய்க்கால் மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு செல்வியின் வயலில் இறங்கியிருந்தது.

ஒன்றரை ஏக்கர். செல்வியின் அப்பா காலம் முழுக்க மற்றவர் நிலத்தில் உழுதவர். இந்த நிலம் செல்வியும் அவள் புருஷனும் திருப்பூருக்குப் போய்ப் பத்து வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்து வாங்கியது. முதல் உடைப்பில் வயலில் தேங்கிய தண்ணீரிலேயே நட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. பச்சை பிடித்து நிற்க வேண்டிய நாற்று, முக்கால் பங்கு மணலுக்குள் கிடந்தது.

செல்வி முழங்கால் தண்ணீரில் நின்று கையால் மணலை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“யாருண்ணே தொறக்கச் சொன்னது?”

“ஏ.இ.ட்ட கேட்டுட்டுத்தாம்மா தொறந்தேன்.”

“அவரு வந்து பாத்தாரா?”

அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

பதினோரு மணிக்கு ஏ.இ. வந்தார். கரையைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நான் எங்க தொறக்கச் சொன்னேன்?”

போனை எடுத்துக் காட்டினேன்.

“ஷ்யூர்னா, சரி, பாக்கறேன்னு அர்த்தம். நீங்க கேட்டத நோட் பண்ணிக்கிட்டேன்னு சொன்னேன். அதுக்காகப் போய்த் தொறந்திடறதா?”

என் வயசுக்கு அவரை நான் ஒருமையில் பேசியிருக்கலாம். பேசவில்லை. “நான் கேள்வி கேட்டேன் சார். கேள்விக்கு ஷ்யூர்னா ஆமான்னுதான் அர்த்தம்,” என்றேன். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரியின் உத்தரவின்றித் தன்னிச்சையாக ஷட்டரைத் திறந்த குற்றம்.

ஆபீஸ் விசாரணை

விசாரணை டிவிஷன் ஆபீசில், செயற்பொறியாளரான இ.இ.யின் அறையில் நடந்தது. செல்வியும் வந்திருந்தாள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்தது.

இ.இ. என் போனை வாங்கி அந்த நாலு எழுத்தைப் பார்த்தார். பிறகு தன் போனில் டிக்‌ஷனரியைத் திறந்தார். “ஷ்யூருக்கு நெறைய மீனிங் இருக்குய்யா,” என்று ஒவ்வொன்றாகப் படித்தார். நிச்சயம். சந்தேகமற்ற. உறுதியான. பேச்சு வழக்கில் சரி, ஆகட்டும். சூப்பிரண்டெண்ட் ஒரு அர்த்தம் சொன்னார். ஏ.இ., “இப்பல்லாம் ஓக்கேங்கற மாதிரிதான் சார் யூஸ் பண்றோம்,” என்றார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று.

அவர்கள் சொன்னது பொய் என்று சொல்லவில்லை. எனக்கும் தெரியும். டீக்கடையில் பார்சல் கேட்டால் “ஷ்யூர்ணே” என்கிறார்கள். அது சரி என்பதற்கு. சிங்கப்பூரிலிருக்கும் என் மருமகன் “ஷ்யூர் மாமா” என்றால் போனை வைக்கப் போகிறார். பத்திரிகை வைக்கப் போன வீட்டில் “ஷ்யூரா வந்திடுவோம்” என்கிறவர்கள் பாதிப் பேர் வருவதில்லை. டீக்கடையில் அந்த வார்த்தை எப்படி வேண்டுமானாலும் கிடக்கட்டும். உடைந்த கரையைப் பற்றிக் கேட்கிறவனிடம் அதை வீசலாமா? அந்த அரை மணி நேரத்தில் ஒருவர்கூட வயல் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

செல்வி எழுந்து வாசற்படிக்கு வந்தாள்.

“சார், அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னவா வேணா இருக்கட்டும். கரைய அடச்சிருந்ததா, இல்லியா? அதச் சொல்லுங்க.”

இ.இ. ஏ.இ.யைப் பார்த்தார். ஏ.இ. மெதுவாகச் சொன்னார்: “காண்ட்ராக்டர்ட்ட கேட்டேன் சார். ‘ஷ்யூர் சார், முடிஞ்சிரும்’னாரு.”

முடிஞ்சிரும் என்றால் இனிமேல்தான் முடியும் என்று அர்த்தம். அதற்கு எந்த டிக்‌ஷனரியும் வேண்டாம். காண்ட்ராக்டர் பார்க்கவில்லை, ஏ.இ. பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரே வார்த்தையை ஆளுக்கு ஆள் கை மாற்றிவிட்டு அவரவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

செல்வியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். டைப் செய்த தாள் ஒன்றை சூப்பிரண்டெண்ட் என்முன் வைத்தார். கனமழையால் வாய்க்காலில் நீர்வரத்து அதிகமாகிக் கரை உடைந்தது என்று இருந்தது.

“கையெழுத்துப் போட்ருங்க கலியமூர்த்தி. மெமோவ க்ளோஸ் பண்ணிடலாம். உங்களுக்கும் பிரச்சினை இல்ல, யாருக்கும் இல்ல.”

“அன்னிக்கு மழ இல்லிங்களே சார்.”

“அது எங்களுக்குத் தெரியாதா?”

“அப்பறம் எப்படிங்க போடறது? என் கேஜ் நோட்டுலயே மழ இல்லன்னு எழுதியிருக்கேன்.”

“ரிட்டயர்மெண்டுக்கு ஒன்றர வருஷம்தான் இருக்கு. யோசிச்சுக்குங்க,” என்றார் இ.இ. அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு நல்லது செய்கிற மாதிரிதான் சொன்னார்.

எனக்குப் பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் செல்வியின் வயலை மூடியது மழை என்று ஆகிவிடும். மழையிடம் யார் போய் நியாயம் கேட்பது? பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடியே என் கையால் எழுதிக் கொடுத்தேன். உடைப்பை நேரில் பார்க்காமல் ஷட்டரைத் தூக்கியது என் தப்பு என்பதையும் அதில் எழுதினேன்.

அதற்குப் பிறகு

செல்வி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். நான் எழுதியதன் நகலை அவளிடம் கொடுத்திருந்தேன். கொடுக்கக் கூடாது என்பார்கள், கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து எங்கள் இலாகாவே மிஷின் அனுப்பி மணலை அள்ளியது. கரையையும் அடைத்தார்கள். அந்த வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. ஒன்றரை நாள் வேலைக்குத்தான் இத்தனையும்.

மேலத்தெருவில் ஒருவர் நாற்றங்காலில் மிச்சமிருந்த நாற்றைக் கொடுத்தார். செல்வி மறுபடி நட்டாள். பருவம் தள்ளிப் பின்பட்டத்தில் நட்டது, தூர் சரியாகக் கட்டவில்லை. அறுவடையின்போது போயிருந்தேன். “பாதிகூடத் தேறலண்ணே,” என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

என் பணிப்பதிவேட்டில் கண்டனம் எழுதினார்கள். ஏ.இ.யை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் பதிவேட்டில் ஒன்றும் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன். காண்ட்ராக்டருக்கு அடுத்த வருஷமும் வேலை கிடைத்தது.

ஏ.இ.யின் இடத்துக்கு ஒரு பெண் வந்தார். அவருக்கு முதல் தடவை போன் செய்து, “ரிப்பேருக்குக் கழட்டின கீழ்மதகுக் கதவ மாட்டியாச்சுங்களாம்மா?” என்று கேட்டேன். ஷ்யூரா என்று கேட்பதை அதற்குள் விட்டிருந்தேன்.

“தெரியலண்ணே. நான் இன்னும் பாக்கல. பாத்துட்டுக் கூப்பிடறேன்.”

முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டார். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. “மாட்டல. நீங்க தொறக்காதீங்க,” என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். அதைச் சொன்னதற்காக என் வேலைக் காலத்தில் யாருக்கும் மெமோ வந்ததில்லை.