சம்பந்தி பேசிய தமிழ்

என் மகள் கட்ட விரும்பிய பையனின் தகப்பன், போரில் பதக்கம் வாங்கிய சிங்கள ஆமி அதிகாரி. உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று நான் துள்ளினேன். பத்து நிமிடம் துள்ளிவிட்டுக் களைத்துப்போனேன். மனைவி துள்ளவில்லை. "ஆளைப் பாத்துத்தான் சொல்லுவன்" என்றாள். அம்மா வேண்டாம் என்றால் கலியாணம் இல்லை என்று மகளும் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு மூலைக்குள் இருந்து அழுதாள்.

ஒரு ஞாயிறு காலை அவர் மகனோடு எங்கள் ஊர் பண்டத்தரிப்புக்கு வந்தார். முறுக்கு மீசையை எதிர்பார்த்தேன். வந்ததோ முழங்கால் தேய்ந்த சீனி வியாதிக்காரர். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிர முடியாமல் என் தோளைப் பிடித்தார். இரண்டு நாளாய் நான் ஒத்திகை பார்த்த முறைப்பு வீணாய்ப் போயிற்று.

சிங்களத்தில் மொழிபெயர்க்க மகள் ஆயத்தமாக நின்றாள். "வேணாம். எனக்குத் தமில் தெரியும்" என்றார். சரி, மனிதர் கதைக்கட்டும் என்று விட்டோம். அங்கேதான் பிழை வந்தது.

கதிரையை இழுத்துப் போட எழும்பினேன். "அசையாதே!" என்றார் அன்பாக. பயித்தம் பணியாரத்தை நீட்டினேன். "உள்ளே என்ன இருக்கு?"

"பயறு."

"திறந்து காட்டு!" என்று சொல்லிச் சிரித்தார்.

அட கடவுளே! மனிதர் தமிழ் படித்த பள்ளிக்கூடம் சோதனைச்சாவடி. மரியாதையாகத்தான் பேசுகிறார், சொல்தான் துவக்கை நீட்டிக்கொண்டு வருகிறது. பையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தேத்தண்ணி எடுக்க மனைவி எழும்பினாள். சிரமப்பட வேண்டாம் என்று சொல்ல நினைத்திருப்பார், பாவம்.

"நில்! எங்கே போறாய்?"

மனைவி நின்றாள். பத்து வருடம் படிப்பிக்கப் போன வழியில், அவளைச் சைக்கிளை விட்டு இறக்கிய கேள்வி அது. இரண்டு கையும் தாமாக மேலே போய்விட்டன. முடிந்தது சம்பந்தம் என்று நினைத்தேன். உயர்ந்த கைகளைக் கண்டதும் அவருடைய முகம் செத்துப்போயிற்று.

மனைவி கையை இறக்கினாள். நேரே அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"ஐசி!"

அவர் முழங்கால் நோவோடு எழும்பி, விறைப்பாக நின்று, அடையாள அட்டையை இரண்டு கையாலும் கொடுத்தார். அவள் படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

"என்னத்துக்கு வந்தனீங்கள்?"

அவர் சொல் தேடினார். அவருடைய தமிழில் கேள்விகள்தான் இருந்தன, பதில் ஒன்றுமில்லை. கடைசியில் என் மகளைக் காட்டி, "பிள்ளை… கேக்க வந்தது" என்றார்.

ஆமி முகாமுக்குள் போகிறவர்களின் அட்டையை வாங்கி வைத்து, திரும்பும்போது கொடுப்பதுதான் அந்தக் காலத்து முறை. மனைவி அட்டையைக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினாள்.

"கலியாண நாளில வந்து எடுங்கோ."