கோகிலவாணி கை வைக்காத பக்கம்

சங்கராபுரம் பக்கம் கோகிலவாணியோடு களை எடுத்தவர்களிடம் அவள் மூக்கைப் பற்றிக் கேட்டால் சிரித்துவிடுவார்கள். பால் திரிவதற்கு முன்பே முகம் சுளிப்பாள். புருஷன் கொளஞ்சியப்பன் எந்தக் கடையில் வடை தின்றான் என்பதைச் சட்டையை மோந்தே சொல்லிவிடுவாள். கையும் அப்படித்தான். அவள் போன வரிசையில் ஒரு கோரை மிஞ்சாது. அடுத்தவர் நிலத்தில் இப்படிக் குனிந்தே பாதி ஆயுசு போனது.

இந்த வருஷம்தான் பிச்சைமுத்துவின் நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போட்டாள். முதன்முதலாகத் தன் பயிர். தேறினால் அடுத்த போகத்துக்கும் விடுவார். கெட்டால் பழையபடி கூலிக்குத்தான் போக வேண்டும்.

நடுவில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். தண்ணீர் கட்டியது கொளஞ்சியப்பன். அவனுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். அவள் எழுந்து வந்து வரப்பில் கால் வைத்ததும் பச்சைப்புல் அறுத்த வாசனை குப்பென்று அடித்தது.

"மாட்டுக்கு இங்கயா அறுத்தீங்க?" என்று புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அருவாளையே தொடலடி."

குருத்தை விரித்தாள். படைப்புழு. குருத்தைச் சல்லடையாய்த் தின்று வைத்திருந்தது.

வேளாண்மை ஆபீஸ் நிர்மலா கூட்டத்தில் சொன்னது ஞாபகம் வந்தது: முட்டைக் கூட்டத்தைக் கண்டால் நசுக்கிவிடுங்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இலையில் பஞ்சு மாதிரி வெள்ளையாய் ஒட்டியிருந்ததையெல்லாம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடி நகத்தால் நசுக்கினாள். கிணற்றுப் பக்கம் முடிந்தபோது இடுப்பு விட்டுப்போனது. மீதி ஏரிப் பக்கத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று வரப்பில் உட்கார்ந்தாள், கொஞ்சம் பெருமையாகத்தான்.

அந்த நேரத்தில் நிர்மலா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வாசனை வந்த கதையையும் நசுக்கிய கதையையும் கோகிலவாணி ஆசையாகச் சொன்னாள். நிர்மலா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது புழு முட்டை இல்ல. குளவிக் கூடு."

"இன்னா குளவி?"

"கொசு அளவுதான் இருக்கும். புழு கடிச்சி அதோட எச்சி பட்டதும், பயிரு ஒரு வாசனைய வுடும். அதப் புடிச்சிக்கினு குளவி வந்து, புழு உடம்புக்குள்ள முட்டை வெச்சிட்டுப் போவும். குஞ்சுங்க உள்ளயே தின்னு வளந்து, வெளிய வந்து இப்படிக் கூடு கட்டும். பக்கத்துல புழு செத்துக் கெடந்திருக்குமே, பாக்கலியா?"

பார்த்திருந்தாள். வேலை மிச்சம் என்று சந்தோஷம்கூடப் பட்டிருந்தாள். இப்போது தன் நகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பயிரு கூப்ட்டு வந்தவங்கள நான் கொன்னுட்டனே."

"வித்தியாசத்த நானும் சொல்லாம வுட்டுட்டேன். மீதியத் தொடாதீங்க. மருந்தும் இப்ப வேணாம்."

தொடாமல் இருப்பதாம்! அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. தினமும் காலையில் வந்து கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று மோந்து பார்ப்பாள். வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியானது. ஏரிப் பக்கம் புதுக் குருத்துகள் ஓட்டையில்லாமல் விரிந்தன.

அறுவடைக்குப் பிச்சைமுத்து வந்தார். கிணற்றுப் பக்கத்துக் கதிர்கள் பொக்கை வாய் மாதிரி இருந்தன. ஏரிப் பக்கத்துக் கதிரோ கைக்கு அடங்கவில்லை. மொத்தத்தில் விளைச்சல் தேறிவிட்டது.

"அடுத்த போகமும் நீயே போட்டுக்கோம்மா," என்றவர், ஏரிப் பக்கத்துக் கதிர் ஒன்றை உரித்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் மட்டும் எப்படி இவ்ளோ நல்லா வந்துகீது? இன்னா பண்ண?"

"அந்தப் பக்கம் நான் கையே வைக்கலிங்க," என்றாள் கோகிலவாணி.