எண்பது வாட் உபசாரம்

பராமரிப்புப் பணிக்கென்று அன்று காலையிலேயே, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று வெளியே இருக்கும் எங்கள் ஊரான பூவத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மகளின் கைபேசியில் இரண்டு விழுக்காடுதான் மிஞ்சியிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அவளுக்குச் சென்னைப் பேருந்து. மறுநாள் நேர்முகத் தேர்வு. பயணச்சீட்டும் விடுதி முகவரியும் அந்தக் கைபேசிக்குள்தான் இருந்தன.

எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டு மின்சாரம் உண்டு. அங்கே பேருந்து நிறுத்தத்தை ஒட்டியிருப்பது என் அண்ணன் வீடு. நிலம் பிரித்த நாள்முதல் நான் மிதிக்காத வாசல். ஒன்றேகால் மணிக்கு மிதித்தேன்.

மகள் பையிலிருந்து தன் சார்ஜரை எடுத்தாள்.

"அத உள்ள வைம்மா. பெரியப்பா வீட்டுக்கு வந்து ஒன் சாமானத்த மாட்டுவியா? இது எண்பது வாட்டு. காபி குடிக்கிறதுக்குள்ள ரொம்பிடும்" என்றார் அண்ணன்.

அவர் சார்ஜரை மறுப்பது, இலையில் இட்ட சோற்றைத் தள்ளிவிட்டுச் சொந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு ஒப்பாகும். மகள் என்னைப் பார்த்தாள். "அதுலயே போடும்மா" என்றேன்.

காபி வந்தது, கூடவே வசவும் வந்தது. "பொம்பளப் புள்ளய தனியா அனுப்புற. தைரியந்தான்டா ஒனக்கு."

அரை மணி கழித்துப் பார்த்தபோது பதினான்கு விழுக்காடு ஏறியிருந்தது.

"இது வேற கம்பெனி போன், பெரியப்பா" என்றாள் மகள். "வேற கம்பெனி சார்ஜர் எத்தன வாட்டா இருந்தாலும் இந்த போன் கொஞ்சமாத்தான் ஏத்துக்கும். இதோட சார்ஜர்ல போட்டிருந்தா இந்நேரம் பாதி ஏறியிருக்கும்."

"ஒங்க போன் ஓட்ட. அதுக்கு என் சார்ஜர் என்ன பண்ணும்?"

நான் எழுந்து அவருடையதைப் பிடுங்கி, எங்களுடையதைச் செருகினேன். பேருந்துக்கு இன்னும் கால் மணி இருந்தது.

"அப்ப என் வீட்டுக் கரண்டு மட்டும் ஒனக்கு வேணும்?" என்று கேட்டபடி அண்ணன் ஸ்விட்சை அணைத்தார், விரலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பேருந்துச் சன்னலருகே, "சிதம்பரம் தாண்டுனதும் ஒரு போன் பண்ணும்மா" என்றேன்.

"முடியாதுப்பா. ஆஃப் பண்ணி வச்சாத்தான் தாங்கும். மெட்ராஸ்ல எறங்கிப் போடுறேன்."

அவள் போய்ச் சேரும்வரை அந்த எண்ணை எத்தனை முறை அழைத்தேன் என்று சொல்ல நாணுகிறேன். அண்ணனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அந்த ஸ்விட்சை நானே போட்டிருக்கலாம். போட்டால் அவர் விரலைத் தொட வேண்டியிருக்கும், அதனால் போடவில்லை.