சிவசம்பு வீட்டு லைன்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் பண்டார் தெங்காராவுக்கு வந்து எங்கள் லோரோங்கில், அதாவது சந்தில், யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். விசாரிக்காவிட்டாலும் சொல்வார்கள். ஏழாம் நம்பர் வீட்டுப் பிரவீனா மட்டும் வாய் திறக்கமாட்டாள். "நெட் நல்லாத்தான் ஓடுது" என்று கதவைச் சாத்திவிடுவாள். ஆனால் நடந்தது அவளுக்குத்தான். நடந்தது முழுக்க உண்மை. ஒரு வார்த்தை கூட்டவில்லை. வேண்டுமானால் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

கொரோனாவால் மலேசிய-சிங்கப்பூர் எல்லை மூடிக் கிடந்த வருஷம் அது. அதற்கு முன்பெல்லாம் பிரவீனா விடியுமுன் கிளம்பிச் சிங்கப்பூர் போய், ஒரு கணக்குக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புவாள். சம்பளம் சிங்கப்பூர் டாலரில். அது அவள் நடையிலேயே தெரிகிறது என்று லோரோங்கில் ஒரு பேச்சு உண்டு. எல்லைப் பாலம் மூடியதும், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஆனால் கைப்பேசி இணையம் செல்லாது, வீட்டுக்குக் கம்பி வழி இணையம் வந்திருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள்.

அவள் கணவன் லோகேஸ்வரன் வேலை செய்த செனாய் தொழிற்சாலை பாதி ஷிப்டை நிறுத்தியிருந்தது. ஆக, அந்த வீட்டில் அடுப்பு எரிவது பிரவீனாவின் கம்பியில் இருந்தது.

அந்தக் கம்பியோ சோதனையில் தேறவில்லை.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து கமலநாதன் வந்தார். குத்தகைக்கு லைன் போடுகிறவர். மீட்டரைச் சுவரில் மாட்டினார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபேல்-லா, தங்கச்சி."

"முன்னாடி ரோட்டுல எல்லார் வீட்டுலயும் நெட் இருக்கே அண்ணே?"

"அவங்க லைன் கிட்டக்க வருது. உங்களுது செம்பனைக் காட்டைச் சுத்திக்கிட்டு வருது. பழைய கம்பி, தண்ணி வேற இறங்கியிருக்கு. உங்க வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள சிக்னல் செத்துப்போயிடும்."

"இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்க."

"என்ன, பரீட்சையா? மறுபடி எழுதிப் பாஸாகுறதுக்கு?"

இருந்தாலும் மறுபடி மாட்டினார். மறுபடி ஃபேல்.

அதன் பிறகு பிரவீனா பட்ட பாட்டை லோரோங்கே வேடிக்கை பார்த்தது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, முழு மாலையும் பியானோ இசை கேட்டாள். கடைசியில் ஒரு பெண் வந்து, "உங்கள் பகுதியில் சேவை உண்டு, ஆனால் உங்கள் லைன் தகுதி பெறவில்லை" என்றாள். லைன் எப்படித் தகுதி பெறும் என்று கேட்டால் மறுபடி பியானோ. யார் வீட்டு வைஃபையாவது கிடைக்குமா என்று கணினியைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் காருக்குள் உட்கார்ந்து பார்த்தாள். போலீஸ்காரர் வந்து நடமாட்டக் கட்டுப்பாட்டை ஞாபகப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினார். லோகேஸ்வரன் வேறு, "மாமரத்துல ஏறிப் பாரேன்" என்றான். அன்று அந்த வீட்டில் சமையல் இல்லை.

வழி சொன்னது எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மா. கமலநாதன் மூன்றாவது முறை வந்து கம்பத்தடியில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, அவள் கேட்டில் சாய்ந்தபடி சொன்னாள்:

"ஏன்யா, ஒன்பதாம் நம்பர் சிவசம்பு வீட்டு லைன் சும்மாதானே கிடக்கு? அவரு செத்து நாலு வருஷமாச்சு. அதைப் பிடிச்சு இவளுக்குக் குடுக்கலாம்ல?"

சிவசம்பு பிரவீனாவின் பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். நில அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்னமே போய்விட்டார். மகன் ஆஸ்திரேலியாவில், மகள் பிரேமளா ஈப்போவில். மனிதர் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் போன பிறகு வீடு பூட்டித்தான் கிடந்தது. சாவி கிருஷ்ணம்மாவிடம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன் என்று உள்ளே போய், எல்லா அலமாரியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவாள்.

கமலநாதன் ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினார். பெட்டியைத் திறந்து அந்த ஜோடிக் கம்பியில் மீட்டரை மாட்டினார்.

பாஸ்.

"அலமாக்! நேத்துப் போட்ட லைன் மாதிரி இருக்கு. ஒரு இரைச்சல் இல்லை."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாகப் பிரவீனா வீட்டு ஒயரை அந்த ஜோடியோடு சேர்த்து முறுக்கினார். ஒன்பதாம் நம்பருக்குப் போகும் பழைய ஒயரையும் அப்போதே வெட்டியிருக்க வேண்டும். "அப்புறமா வெட்டிக்கலாம், அங்கே யாரு இருக்கா" என்று இறங்கிவிட்டார்.

மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பிரவீனா அதைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அடுத்த திங்கள் வேலை தொடங்கியது. தினமும் பிற்பகல் மூன்றரைக்கு வாடிக்கையாளர்களோடு கூட்டம், கணக்கைக் காட்டிப் பேச வேண்டும். முதல் நாள், பிரவீனா வாயைத் திறந்தாள்...

இணையம் போய்விட்டது.

விளக்கு அணைந்து கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எரிந்தது. அதற்குள் கூட்டம் முடிந்திருந்தது.

மறுநாளும் மூன்றரை. அதற்கு மறுநாளும் அதே. காலையிலிருந்து ஒரு குறையும் இல்லாமல் ஓடும். மூன்றரைக்கு அணையும். மேலாளர் ஷர்மினி சிங்கப்பூரிலிருந்து அழைத்தாள்.

"பிரவீனா, கிளையன்ட் என்னைக் கேட்குறாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உனக்காக நான் பேச முடியாது."

பிரவீனா கமலநாதனை அழைத்துக் கத்தினாள். அவர் அமைதியாகக் கேட்டார்: "அந்த நேரத்துல யாராச்சும் போன் எடுக்குறீங்களா? அதே லைன்ல ஃபில்டர் மாட்டாத போனை எடுத்தா நெட் கட்டாயிடும்."

"எங்க வீட்டுல இன்னும் போனே மாட்டலை அண்ணே. குடுத்த போன் டப்பாவோட கிடக்கு."

"அப்ப அந்தப் பழைய ஒயர்தான். ஒன்பதாம் நம்பர்ல போன் இருக்கா, பாருங்க. இருந்தா கழட்டி வெச்சிடுங்க."

பிற்பகல் கிருஷ்ணம்மாவை இழுத்துக்கொண்டு பிரவீனா ஒன்பதாம் நம்பருக்குள் நுழைந்தாள். அன்று கூட்டத்துக்கு வரமுடியாது, மருத்துவரிடம் போகிறேன் என்று ஷர்மினியிடம் பொய் சொல்லியிருந்தாள். லோகேஸ்வரன் வீட்டில் மோடத்துக்கு முன்னால் காவல். நல்ல வெயில். ஜன்னலைத் திறந்ததும் கூடமெல்லாம் வெளிச்சம். எங்கும் தூசி. பிரம்பு நாற்காலி, அதன் பக்கத்தில் ஒரு குட்டி மேசை. மேசைமேல் சதுரமாக ஓர் இடம் மட்டும் துடைத்தாற்போல் இருந்தது. சுவரில் தொலைபேசி மாட்டும் துளை, வெறுமையாக.

"போன் இல்லையேக்கா?"

"நான் வர்றப்போல்லாம் இல்லைதான்" என்றாள் கிருஷ்ணம்மா. "இந்த இடத்தை நான் துடைக்கிறதும் இல்லை."

பிரவீனா கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தாள்.

மூன்றரை.

டிங்...

சின்னச் சத்தம். பழைய தொலைபேசியில் ரிசீவரைத் தூக்கும்போது மணி லேசாகச் சிணுங்குமே, அது. மேசைப் பக்கத்திலிருந்து வந்தது. மேசைமேல் ஒன்றும் இல்லை.

சுவருக்கு அந்தப் புறமிருந்து லோகேஸ்வரன் கத்தினான். "பிரவீனா! போச்சு!"

கிருஷ்ணம்மா முதலில் ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

அன்று மாலையே கமலநாதன் வந்து கம்பத்தில் ஏறி, ஒன்பதாம் நம்பருக்குப் போகும் ஒயரை வெட்டினார். வெட்டிய துண்டைப் பிரவீனாவின் கையிலேயே கொடுத்தார். "இனிமே அந்த வீட்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை. திருப்தியா?"

மறுநாள் மூன்றரை. பிரவீனா கணக்குத் தாளைத் திரையில் விரித்தாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றாள்.

பச்சை விளக்கு அணைந்தது.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். பிரவீனாவுக்கு வந்தது கோபம். டப்பாவைக் கிழித்துப் போனை எடுத்தாள், சுவரில் மாட்டினாள், ரிசீவரைக் காதில் வைத்தாள். எவன் என் லைனில் பேசுகிறான், பார்த்துவிடுகிறேன்.

கிர்ர்ர்... டக டக டக டக.

யாரோ எண் வட்டத்தைச் சுழற்றுகிறார்கள். ஒவ்வோர் எண்ணாக, நிதானமாக.

கிர்ர்ர்... டக டக.

பிறகு மலாயில் பதிவுக் குரல். நீங்கள் அழைத்த எண் பயன்பாட்டில் இல்லை.

ஒரு பெருமூச்சு. மறுபடி கிர்ர்ர்...

"ஹலோ! யாருங்க?"

சுழற்சி நின்றது.

"ஆர் அது?" கிழட்டுக் குரல். மிகக் கிட்டத்தில். "பிள்ளை, லைனை விடும். நான் ஒரு ஆளுக்குத் திருப்பிக் கோல் எடுக்க வேணும்."

"இது என் லைனுங்க! எனக்கு மீட்டிங் ஓடுது. இப்படிக் கட் பண்ணீங்கன்னா என் வேலையே போயிடும்!"



"எத்தினை மணிக்கு உமக்கு முடியும்?"

"நாலுக்கு."

"அது ஏலாது, பிள்ளை. இப்பதான் எடுக்க வேணும்."

"அப்ப நான் என்ன பண்றது, அங்க..."

அங்கிள் என்று சொல்லவந்தாள். பாதியில் நாக்கு நின்றது. பக்கத்து வீட்டில் இருந்தவரைத்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். அந்தக் குரல்...

மூச்சு கேட்டது.

கூடவே இன்னொன்று. காற்றில்லாத ஓர் அடைப்புக்குள் பேசுவதுபோல ஒரு மந்தம்.

"குறை நினையாதேயும்" என்றது குரல்.

டிங்.

பச்சை விளக்கு எரிந்தது.

பிரவீனா காய்ச்சலில் படுத்தாள். லோகேஸ்வரன் லைனைக் கழற்றிவிடலாம் என்றான். கழற்றினால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் வீட்டுக்கடன் கட்ட முடியாது, வீடும் இல்லை. லோரோங்கில் வேறு லைன் எதுவும் தேறப்போவதில்லை. காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து ஷர்மினியை அழைத்தாள்.

"கூட்டத்தை நாலு மணிக்கு மாத்த முடியுமா? மூணரைக்கு வீட்டுல... பூஜை."

"தினமுமா?"

"தினமும்."

"உங்க ஊர்ல ரொம்பத்தான் பக்தி" என்றாள் ஷர்மினி. ஆனாலும் மாற்றிக்கொடுத்தாள்.

அதன் பிறகு ஒரு சிக்கலும் இல்லை. மூன்றரைக்கு விளக்கு அணையும். பிரவீனா மோடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் குடிப்பாள். போனை மறுபடி டப்பாவில் வைத்து, டப்பாவை அலமாரி மேல் வைத்துவிட்டாள். வேலை நிரந்தரமானது. லோரோங்கில் சிலர் அவளைப் பார்த்து, "என்னம்மா, பார்ட்னர் நல்லா இருக்காரா?" என்று கேட்பார்கள். அவள் காதில் விழாததுபோல் போய்விடுவாள்.

எல்லை திறந்த பிறகு, வீட்டை விற்பதற்காகப் பிரேமளா ஈப்போவிலிருந்து வந்தாள். பிரவீனா அவளுக்குத் தேநீர் கொடுத்தாள். நடந்தது எதையும் சொல்லவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிளோட பழைய போன் ஒண்ணு இருக்குமே அக்கா, சுத்துற போன். அதை நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களா?"

பிரேமளா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்லையே. அப்பாவோட பெட்டிக்குள்ள வெச்சிட்டோம். பிடிச்ச சாமான்லாம் வைப்பாங்கல்ல... மூக்குக் கண்ணாடி, சுருட்டு. போனையும் வைன்னு எங்க மாமி ஒருத்தங்க சொன்னாங்க. ஒயரை நான்தான் கத்தரிச்சேன்."

"ம்."

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், வெளியில சொல்லிடாதே." பிரேமளாவின் குரல் தாழ்ந்தது. "பெட்டியை மூடி ஆணி அடிச்சாச்சு. இடுகாட்டுக்குக் கொண்டுபோய் இறக்குறோம், மூணரை மணி இருக்கும்... உள்ள போன் அடிச்சது."

பிரவீனா அலமாரி மேலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"விட்டு விட்டு, நல்லா, முழு ரிங். அங்க நின்ன எல்லாரும் கேட்டோம். திறக்கலாமான்னு அண்ணன் கேட்டாரு. வேணாம்னுட்டாங்க. மண்ணைத் தள்ளினோம். அப்பவும் அடிச்சிக்கிட்டேதான் இருந்துச்சு."