வெள்ளிக்கிழமை மீன்

"காலேஜ் போற புள்ளைக்கு ஜெபத்துல வர்ற சந்தோஷம் எங்கங்க தெரியப்போவுது?" என்று ஜெபம் நடத்த வந்தவர் என் அம்மாவிடம் சொன்னார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால நோன்பு வெள்ளிகளில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஜெபம் நடத்த வருபவர் அவர். வெள்ளை ஜிப்பா, எண்ணெய் மினுங்கும் நெற்றி. பேச்சுக்கு நடுவே கண்ணை மூடி, நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்வார். "நாக்கு ருசியை விட்டாத்தான் ஆவியில ஆனந்தம். வெள்ளிக்கிழமை பச்சத்தண்ணி போதும்" என்பார்.

ஒரு வெள்ளியன்று ஜெபத்துக்காக எங்களை ஒகேனக்கல் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். மதியம், கூலிக்குக் களையெடுக்கப் போகும் அத்தை ஒருத்தி பசியில் மயங்கி விழுந்தாள். சோடா வாங்க ஓடினேன். மீன் வறுக்கும் கடைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்து மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மசாலா முழங்கை வரை வழிந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க."

"வெள்ளிக்கிழமை கறிதான் கூடாது, மீனு கறியில சேராது பாப்பா. திருச்சபையே சாப்புடலாம்னுதான் சொல்லுது."

"அதை அவங்ககிட்ட ஏங்க சொல்லல?"

முள்ளைத் துப்பினார். "அவங்களுக்குப் பட்டினி கெடந்து அழுதாத்தான் ஆனந்தம் வருது. நீ ஒரு துண்டு எடுத்துக்க."

அந்த வாய் ஜெபத்தில் பேசியதைக் கேட்டு என் அம்மா மனம் நிறைந்து அழுதது பொய்யில்லை. அது எப்படி என்றுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.

சோடாவோடு சோறும் மீனும் வாங்கிப் போய் அத்தைக்கு ஊட்டினேன். அடுத்த வெள்ளி ஜெபத்தை நானே நடத்துகிறேன் என்று எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசியும் வாங்கி வைத்துவிட்டேன்.