பனிமேல் போட்ட பழி

எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் பனிதான் குற்றவாளி. பஸ் வரவில்லையா, பனி. துணி காயவில்லையா, பனி. கல்யாணத்துக்கு வராதவர்கூடப் பனியைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார். ஆகவே அந்தச் சனிக்கிழமை மாலை, மாதா கோயில் மண்டபத்தில் என் மடிக்கணினி சர்வரோடு சேர முடியாது என்று மறுத்தபோது, பாடகர் குழு மொத்தமும் சுருதி பிசகாமல் சொன்னது: "பனிங்க!"

குழுவை நடத்துபவள் என் மனைவி. கிறிஸ்து பிறப்பின் நத்தார் பூசைக்கு ஒரு புதுப் பாட்டு. மெட்டுப் போட்டவன் கனடாவில் இருக்கும் அவள் தம்பி. அவன் அங்கே ஓர்கன் வாசிக்க, இவர்கள் இங்கே பாட்டுப் படிக்கவேண்டும். வேலைக்குக் கிளம்பும்வரைதான் அவனுக்கு நேரம். போன் வழியாக ஓர்கன் கேட்டால் கொசு பாடுவதுபோல இருக்கும் என்றுதான் மடிக்கணினியும் ஸ்பீக்கரும். பூசைவரை தேயிலைத் தோட்டத்தில் ஒரு காதுக்கும் இது எட்டக்கூடாது என்பது மனைவியின் கட்டளை. மண்டபத்து ஜன்னல்களைக்கூடச் சாத்தியிருந்தாள்.

"டேங்கடிக்குப் போயிருவோங்க," என்றார், தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் எங்கள் அடித்தொண்டைக்காரர்.

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, தண்ணீர்த் தாங்கி நிற்கும் மேடு அது. வெளிநாட்டுப் பேச்செல்லாம் அங்கே நின்றுதான். ஏறினோம். ஞானஸ்நானப் பிள்ளையைப்போல மடிக்கணினி என் கையில். அதற்கு ஒருத்தி குடை பிடித்தாள். ஸ்பீக்கர் ஒருவர் தலையில்.

"மூடிராதீங்க, கட் ஆயிரும்!"

"இன்னும் ஒட்டவே இல்ல. அதுக்குள்ள எங்க கட் ஆகுறது?"

மேட்டில் சிக்னல் முழுசாக இருந்தது. ஆனால் வீடியோ ஆப்பில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போது மனைவியின் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, எங்க இருக்கீங்க? நான் வேலைக்குப் போவணும்."

"இங்க பனிடா."

"பனி நெட்டக் குடிச்சிருச்சா? மச்சான்கிட்ட குடு. மச்சான், வேற ஏதாச்சும் தொறந்து பாருங்க."

ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தேன். விளம்பரங்களோடு துள்ளிக்கொண்டு வந்தது.

"அப்ப நெட் இருக்கு. உள்ளுக்குள்ள யாரோ மறிக்கிறாங்க. புதுசா ஆன்ட்டிவைரஸ் போட்டீங்களா?"

போட்டிருந்தேன். போன வாரம் ஹட்டனில் கணினிக் கடைக்கார நானா, "இனி ஒரு எறும்பும் உள்ளுக்கு வராது," என்று ஏற்றித் தந்தார். எறும்பு வரவில்லை, மைத்துனனும் வரவில்லை. அன்று காலைதான் ஆப் தன்னைப் புதுப்பித்திருந்தது. புதுச் சட்டை போட்டு வந்த பழைய ஆளை, யாரோ என்று வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தது ஆன்ட்டிவைரஸ். நிறுத்திய பெருமையில், திரையின் மூலையில் ஒரு பச்சைக் கேடயம்: நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நாம பத்திரமாத்தான் இருக்கோம். பாட்டத்தான் காணோம்."

மைத்துனன் சொல்லச் சொல்ல உள்ளே உள்ளே போனேன். மறிக்கப்பட்டவர்கள் வரிசையில், பாவம், அந்த ஆப். அனுமதி என்பதைத் தட்டினேன். வட்டம் நின்றது. கனடாக் காலை வெளிச்சத்தில், பாதி கட்டிய டையோடு அவன் முகம்!

"மண்டபத்துக்கு எறங்கிருவோம்," என்று பதறினாள் மனைவி.

"நீங்க எறங்குறதுக்குள்ள நான் பஸ்ல இருப்பேன். அங்கயே பாடுங்கக்கா."

பாடினார்கள். மனைவி ஒரு கையால் தாளம் போட்டாள், மறுகையால் 'மெல்ல, மெல்ல' என்று அமுக்கினாள். அடித்தொண்டைக்காரருக்கு மெல்லப் பாடுவது பிறவியிலேயே இல்லை. பாட்டு தேயிலை நிரைகளில் இறங்கி, லயத்துக் கூரைகளைத் தட்டிக் கதவுகளைத் திறந்தது. கீழே எங்கோ ஒரு விசில் மெட்டைப் பிடித்துக்கொண்டது. மைத்துனன் வேலைக்குப் போகும்வரை திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

நத்தார் பூசையில் மனைவி கையைத் தூக்கினாள். குழு மூச்சை இழுத்தது. அதற்குள் சனம் உட்கார்ந்திருந்த பின்வரிசை வாங்குகளிலிருந்து பாட்டு கிளம்பிவிட்டது, கைக்குழந்தைக்காரிகள் உட்பட. அவள் கை அந்தரத்தில் நின்றது. என்னை ஒருமுறை முறைத்தாள். பிறகு குழுவை அப்படியே விட்டுவிட்டு, சனத்தின் பக்கம் திரும்பித் தாளம் போடத் தொடங்கினாள்.